பெட்ரோல் லைட் எரிந்த பிறகு பைக் எவ்வளவு தூரம் ஓடும்? உங்கள் வண்டிக்கு நீங்களே கணக்கெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெட்ரோல் லைட் எரிந்ததும் “இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?” என்று யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வரும். ஒருவர் முப்பது என்பார், இன்னொருவர் எண்பது வரைக்கும் கவலையே வேண்டாம் என்பார். இருவர் சொல்வதும் அவரவர் வண்டிக்குச் சரியாக இருக்கலாம். லைட் எந்த அளவில் எரிய வேண்டும் என்பதற்கு எல்லா பைக்குக்கும் பொதுவான ஓர் அளவு கிடையாது. ஒரு மாடலில் மூன்று லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே எரிந்துவிடும். இன்னொன்றில் ஒன்றரை லிட்டருக்கு இறங்கிய பிறகுதான் எரியும். ஒரே மாடலில் இரண்டு வண்டிகளை எடுத்தாலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால் அடுத்தவர் சொல்லும் எண்ணை நம்பிப் பயணம் போகக்கூடாது. உங்கள் வண்டியின் எண்ணை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிப் மீட்டர், பங்க் பில், கொஞ்சம் பொறுமை, இவ்வளவுதான் வேண்டும்.

தெருவுக்குத் தெரு பங்க் இருக்கும் ஊரில் ஓட்டுபவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல். மளுக்கப்பாறை தாண்டினால் வாழச்சால் வரைக்கும் அடர்ந்த காடு, யானை நடமாட்டம் உள்ள பாதை. பங்க் கிடையாது, போன் சிக்னலையும் நம்ப முடியாது. முதுமலை, பந்திப்பூர் பக்கம் போனால் காட்டுக்குள் வண்டியை நிறுத்தவே கூடாது. இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பந்திப்பூர் சாலை மூடியே இருக்கும். இந்த மாதிரி இடத்தில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போவதுகூட ஆபத்து. அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

முதலில் டேங்குக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் டேங்குக்கு அடியில் ஒரு திருகு இருக்கும்: ஆன், ரிசர்வ், ஆஃப். அதன் உள்ளே இரண்டு வழிகள். ஆன் நிலையில் பெட்ரோல் உயரமான குழாய் வழியாக இறங்கும். பெட்ரோல் மட்டம் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே போனதும் வண்டி முக்க ஆரம்பிக்கும். “ரிசர்வில் விழுந்துவிட்டது” என்று சொல்வது இதைத்தான். திருகை ரிசர்வுக்குத் திருப்பினால் அடிமட்டத்தில் இருக்கும் வழி திறக்கும். இதில் மின்சாரம் எதுவும் இல்லை. குழாயின் உயரம்தான் கணக்கு, அது மாறாது.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு விற்கும் பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) தான். பம்ப் டேங்குக்கு உள்ளேயே உட்கார்ந்து அடியிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. ரிசர்வ் திருகுக்கு அங்கே வேலை இல்லை, அந்த இடத்துக்கு லைட் வந்துவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் ஒரு மிதவையும் அதோடு சேர்ந்த மின்தடையும் இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க மிதவை இறங்கும், தடை மாறும், மீட்டர் அதைப் படித்துக்கொள்ளும். சில வண்டிகளில் லைட்டுக்கு மட்டும் தனியாக ஒரு வெப்ப உணரி வைத்திருப்பார்கள். பெட்ரோலில் மூழ்கியிருக்கும் வரை அது குளிர்ச்சியாக இருக்கும். வெளியே தெரிந்ததும் சூடாகி லைட்டை எரிய வைக்கும். அப்படிச் சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இங்கே டேங்கின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். பைக் டேங்க் குதிரைச் சேணம் மாதிரி நடுக்கம்பியின் இரண்டு பக்கமும் இறங்கி நிற்கிறது. மேலே அகலம், அடியில் குறுகல். அதனால்தான் பெட்ரோல் முள் முதல் பாதியில் நகரவே மாட்டேன் என்று நின்று, அடுத்த பாதியில் கடகடவென்று இறங்குகிறது. மட்டம் மிகவும் குறையும்போது பெட்ரோல் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். பம்ப் ஒரு பக்கம்தான் இருக்கும். மறுபக்கம் தேங்கிய பெட்ரோல் டேங்கில் இருந்தும் எஞ்சினுக்குப் போகாது. சில வண்டிகளின் கையேட்டில் ரிசர்வ் ஒரு அளவாகவும், பயன்படுத்தக்கூடிய ரிசர்வ் அதைவிடக் குறைந்த இன்னொரு அளவாகவும் தனித்தனியாக அச்சிட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

படி 1: லைட் வேலை செய்கிறதா என்று பாருங்கள்

சாவியைத் திருப்பியதும் பல வண்டிகளில் எல்லா லைட்டும் ஒரு நொடி எரிந்து அணையும். அதில் பெட்ரோல் லைட்டும் எரிகிறதா என்று கவனியுங்கள். எல்லா மாடலிலும் இப்படி எரியாது. உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டில் இருக்கும். அப்படியே டேங்க் கொள்ளளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 9.8 லிட்டர், இப்போதைய கிளாசிக் 350 என்றால் 13, ஹிமாலயன் 450 என்றால் 17.

படி 2: ஒரே மாதிரி ஃபுல் போடப் பழகுங்கள்

கணக்கு தப்பாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் போட்டால் ஒரு அளவு பிடிக்கும், நேராக நிறுத்திப் போட்டால் வேறு அளவு பிடிக்கும். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் நிறுத்துங்கள். இல்லையென்றால் இறங்கி நின்று வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். நாசில் ஒருமுறை ‘டக்’ என்று நின்றதும், “அண்ணா, மெதுவா வாய்க்குக் கீழ வரைக்கும் போடுங்க” என்று சொல்லுங்கள். மூடி உட்காரும் வாய்க்குக் கீழே ஒரு வளையம் தெரியும். பெட்ரோல் அதைத் தொட்டதும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம்.

அதற்கு மேல் தளும்பத் தளும்பப் போட வேண்டாம். பத்து டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும். பங்கில் நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் குளிர்ந்த பெட்ரோலைப் பதின்மூன்று லிட்டர் டேங்கில் வழிய நிரப்பி, சித்திரை வெயிலில் நிறுத்தினால் நூறு மில்லிக்கு மேல் போக இடமில்லாமல் தவிக்கும். பிஎஸ்6 வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்க ஒரு கரிக் குடுவை இருக்கிறது. ஆவிக்காக வைத்த அதற்குள் பெட்ரோலே இறங்கினால் வேறு தொல்லைகள் வரும்.

பங்க் அளவின் மேல் சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் முத்திரை அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஒவ்வொரு பங்கிலும் அந்த அளவை இருக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி கூடக் குறைய இருப்பது அனுமதிக்கப்பட்டது. முடிந்தவரை இந்தச் சோதனை முழுக்க ஒரே பங்கில், ஒரே நாசிலில் போடுங்கள்.

படி 3: லைட் எரியும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஃபுல் போட்டதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள். அப்புறம் வழக்கம்போல ஓட்டுங்கள். நடுவில் இருநூறு ரூபாய்க்கு, முன்னூறு ரூபாய்க்கு என்று போடக்கூடாது. ஒருநாள் லைட் எரியும். முதலில் பிரேக் பிடிக்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ மட்டும் எரிந்து அணையும். டேங்கில் பெட்ரோல் முன்னும் பின்னும் ஓடுவதால் அப்படி ஆகிறது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சமதளத்தில், வண்டி நேராக ஓடும்போது அணையாமல் எரிய ஆரம்பித்த இடம்தான் உங்களுக்கு வேண்டியது. ஓரமாக நிறுத்தி ட்ரிப் மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நேராகப் பங்குக்குப் போய் முன்பு போட்ட அதே அளவுக்கு நிரப்புங்கள். பில்லை வாங்கிக்கொள்ளுங்கள்.

ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 போன்ற சில வண்டிகளில் லைட் எரிந்த நொடியிலிருந்து ‘ட்ரிப் எஃப்’ என்று தனியாக ஒரு மீட்டர் ஓட ஆரம்பிக்கும். எல்லா வண்டியிலும் இருக்க வேண்டிய வசதி என்றே நான் சொல்வேன்.

படி 4: கணக்கு

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 13 லிட்டர் டேங்க் உள்ள 350 சிசி வண்டி. ஃபுல் போட்டதிலிருந்து 318 கிலோமீட்டரில் லைட் எரிந்தது. பங்க் போய்ச் சேர்ந்தபோது 326. பில்லில் 9.64 லிட்டர்.

மைலேஜ்: 326ஐ 9.64ஆல் வகுத்தால் 33.8. லைட் எரிந்ததிலிருந்து பங்க் வரைக்கும் 8 கிலோமீட்டர், அதற்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 0.24 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் லைட் எரிந்தபோது செலவாகியிருந்தது 9.4 லிட்டர். பதின்மூன்றிலிருந்து கழித்தால் மிச்சம் 3.6 லிட்டர்.

இந்த 3.6ஐ அப்படியே 33.8ஆல் பெருக்கி “நூற்று இருபது கிலோமீட்டர் போகும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பெட்ரோல் முழுவதும் பம்புக்கு வந்து சேராது. அதோடு நீங்கள் நிரப்பிய மட்டமும் நிறுவனம் 13 லிட்டர் என்று அளந்த மட்டமும் ஒன்றாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு லிட்டரை மொத்தமாகத் தள்ளிவிடுங்கள். சிறிய டேங்க் என்றால் முக்கால் லிட்டர். இனி மிச்சம் 2.6.

மைலேஜையும் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். பின்னால் ஆள், பக்கத்தில் பை, மலை ஏற்றம், எதிர்காற்று எல்லாம் இருக்கும் நாளில் உங்கள் வண்டி என்ன கொடுக்கிறதோ அதுதான் எண். இந்த உதாரணத்தில் 28 என்று வைத்தால் 2.6 × 28, ஏறக்குறைய 70 கிலோமீட்டர். லைட் எரிந்த பிறகு இந்த வண்டியில் நம்பிப் போகக்கூடிய தூரம் அதுதான். நூற்று இருபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் இருக்கும் ஐம்பது கிலோமீட்டரில்தான் பலரும் வண்டியைத் தள்ளுகிறார்கள்.

ஃபுல் டேங்குக்கும் இதே முறைதான்: 12 லிட்டர் × 28, அதாவது 336 கிலோமீட்டர். கடினமான பாதையில் லைட் 318இல் எரியாது. 9.4 × 28 என்று பார்த்தால் 260ஐத் தாண்டியதுமே எரிந்துவிடும். போன பயணத்தில் முன்னூறு தாண்டி எரிந்தது, இந்த முறை இவ்வளவு சீக்கிரம் எரிகிறதே, லைட் கெட்டுவிட்டதோ என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். லைட் பார்ப்பது லிட்டரை, கிலோமீட்டரை இல்லை.

ஏன் இருநூறு ரூபாய்க்குப் போட்டுச் சோதிக்கக் கூடாது?

நிரப்பும் மட்டத்தில் 200 மில்லி தவறு எப்படியும் வரும். 9.64 லிட்டரில் அது இரண்டு சதவீதம். இருநூறு ரூபாய்க்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் கிடைக்கும் என்றால் அதே 200 மில்லி பத்து சதவீதம் ஆகிவிடும். அப்படிக் கணக்குப் போட்டுத்தான் ஒரே வண்டி ஒரு வாரம் 40, மறுவாரம் 31 என்று ஆளைக் குழப்புகிறது. அதனால்தான் ஃபுல்லிலிருந்து ஃபுல். இரண்டு மூன்று டேங்குக்குத் தொடர்ந்து எடுத்து, வந்ததில் குறைந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். சராசரி பார்ப்பது செலவுக் கணக்குக்கு நல்லது. நடுக்காட்டில் குறைந்த எண்தான் உதவும்.

வண்டி வாங்கிய புதிதில் எடுத்த கணக்கு இருந்தாலும் இப்போது ஒருமுறை புதிதாக எடுத்துவிடுங்கள். பங்குகளில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் கிடைக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இ10க்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட இருசக்கர வண்டிகளில் இ20 போட்டால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. மேலே சொன்ன வண்டிக்கு அது ஒரு டேங்குக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

படி 5: பாதைக்கு ஏற்ற மாதிரி முன்கூட்டியே நிரப்புங்கள்

இப்போது கையில் இரண்டு எண் இருக்கின்றன: ஃபுல்லுக்கு 336, லைட்டுக்குப் பிறகு 70. போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் பாதையில் பங்க் இல்லாத மிக நீளமான துண்டு எது என்று பாருங்கள். அந்தத் துண்டுக்குள் நுழையும் கடைசி ஊரில், முள் பாதியில் நின்றாலும் சரி, ஃபுல் போடுங்கள். வால்பாறை வழி என்றால் பொள்ளாச்சியிலேயே நிரப்பிவிடுவது என் வழக்கம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததும் வால்பாறையில் மறுபடி ஃபுல் ஆக்கிக்கொள்வேன்.

மணாலியிலிருந்து லே போகும் பாதையில் இந்தக் கணக்கு எவ்வளவு இறுக்கமானது என்று பாருங்கள். தாண்டி என்ற இடத்தில் உள்ள பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதிய பலகை ஒன்று பிரபலம். நம் உதாரண வண்டியின் 336 அதற்குப் போதாது. 4,800 மீட்டருக்கும் மேலே இருக்கும் கணவாய்களில் முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஏறும்போது 28கூடக் கிடைக்காமல் போகலாம். அங்கே போகிறவர்கள் ஐந்து லிட்டர் கேன் கட்டிக்கொண்டு போவது அதனால்தான். கிளம்பும் முன் நடுவில் எங்கே பெட்ரோல் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். வழியில் கூடாரக் கடைகளில் விற்கும் பெட்ரோலை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கேன் என்றால் பெட்ரோலுக்கென்றே செய்த கேன். தண்ணீர் பாட்டில் வேண்டாம். பங்கில் அதில் தரவும் கூடாது. கேனை முழுக்க நிரப்பாமல் மேலே இடம் விட்டு, சைலன்சர் சூடு படாத பக்கம் கட்டுங்கள். வண்டியை ரயிலில் பார்சல் போடுகிறவர்களுக்கும் ஒன்று. டேங்கைக் காலி செய்துதான் ஏற்றுவார்கள். அதனால் இறங்கும் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பங்க் எங்கே என்று முன்னாலேயே பார்த்து வையுங்கள்.

மீட்டரில் ‘இன்னும் இத்தனை கி.மீ. போகும்’ என்று காட்டும் வண்டிகளும் உண்டு. கடைசியாக ஓட்டிய சில கிலோமீட்டரின் மைலேஜை வைத்துத்தான் அது சொல்கிறது. மலை இறங்கி வந்ததும் தாராளமாகக் காட்டும், அடுத்த ஏற்றத்தில் மளமளவென்று குறையும். ட்ரிப் மீட்டர் கணக்கை முதலில் வைத்துக்கொண்டு இதை அதற்குத் துணையாகப் பாருங்கள்.

படி 6: லைட் எரிந்த பிறகு ஓட்டும் விதம்

வேகத்தைக் குறையுங்கள். இதைவிடப் பலன் தருவது வேறு எதுவும் இல்லை. வேகம் இரட்டிப்பானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். 80இல் போவதை 50க்குக் கொண்டுவந்து, எஞ்சின் முக்காத அளவுக்கு உயர்ந்த கியரில், ஆக்ஸிலேட்டரை ஒரே நிலையில் பிடித்துப் போங்கள்.

இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு போவது நம் ஊரில் பலருக்கும் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். எஞ்சின் பிடிப்பு போய்விடும், மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். கொண்டை ஊசி வளைவில் பிரேக் சூடாகி விட்டுக்கொடுத்தால் பெட்ரோல் மிச்சமானதில் பயன் இல்லை. எஃப்ஐ வண்டியில் அதற்குத் தேவையும் இல்லை. கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு இறங்கும்போது பெரும்பாலான வண்டிகள் பெட்ரோல் பாய்ச்சுவதையே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும்.

“கம்மியாக வைத்து ஓட்டினால் அடியில் இருக்கும் தூசியை இழுக்கும்” என்பார்கள். கார்புரேட்டர் வண்டியில் ரிசர்வ் வழி கீழே இருப்பதால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. எஃப்ஐ பம்ப் எப்போதுமே அடியிலிருந்துதான் இழுக்கிறது, ஃபுல் டேங்கிலும் அப்படித்தான். அதற்கு வேறு ஆபத்து. பம்பைக் குளிர வைப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். அடிக்கடி கடைசிச் சொட்டு வரை ஓட்டினால் பம்ப் சூடேறி ஆயுள் குறையும். கடைசியில் வண்டி திணறித் திணறி ஓடும்போது எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் பாதிக்கலாம். ‘கடைசி வரை ஓட்டிப் பார்த்துச் சோதிப்பது’ என்ற முறையை இந்த வழிகாட்டியில் நான் சேர்க்காததற்கும் இதுவே காரணம்.

படி 7: நின்றே விட்டால்

ஓரமாக, பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் திருகை ரிசர்வுக்குத் திருப்பி, சில நொடி விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்கெனவே ரிசர்வில் இருந்தால், டேங்க் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திருகு இருக்கும் பக்கமாக வண்டியை நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள். மறுபக்கம் தேங்கியது இந்தப் பக்கம் வந்து சேரும். எஃப்ஐ வண்டியிலும் பம்ப் இருக்கும் பக்கம் தெரிந்தால் இதைச் செய்யலாம். கிடைப்பது கொஞ்ச தூரத்துக்குத்தான். காட்டைத் தாண்டி ஒரு டீக்கடை வெளிச்சத்துக்கு வந்து சேர அது உதவும்.

இன்னொரு வண்டியிலிருந்து பெட்ரோல் எடுப்பதானால் டியூபை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் இறங்கினால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும். கார்புரேட்டர் வண்டியில் எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றித் திருகைத் திறந்தாலே பெட்ரோல் தானாக இறங்கும். எஃப்ஐ வண்டியின் டியூபைத் தொடவே தொடாதீர்கள். அதில் பெட்ரோல் அழுத்தத்தில் நிற்கிறது, கழற்றினால் சூடான எஞ்சின் மேல் பீய்ச்சி அடிக்கும்.

காய்ந்துபோன எஃப்ஐ வண்டிக்கு அரை லிட்டர் ஊற்றினால் சில நேரம் பம்புக்கு எட்டாது. ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றுங்கள். ஊற்றியதும் செல்ஃபை அழுத்தாதீர்கள். சாவியைத் திருப்புங்கள், டேங்குக்குள் பம்ப் ‘ஊய்ங்’ என்று ஓடி நிற்கும் சத்தம் கேட்கும். அணைத்துவிட்டு மறுபடி திருப்புங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் டியூபில் இருக்கும் காற்று வெளியேறிப் பெட்ரோல் அழுத்தம் ஏறிவிடும். அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். நேராகச் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் இறங்கிவிடும். கிக்கர் இல்லாத வண்டியாக இருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் பம்ப் ஓட மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுக்கப் படுத்துவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் வண்டி எடுக்காது.

பங்குக்கு வந்து சேர்ந்ததும் ஃபுல் போட்டு ட்ரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள். கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் திருகை ரிசர்விலிருந்து மறக்காமல் ஆனுக்குத் திருப்பிவிடுங்கள். ரிசர்விலேயே விட்டால் அடுத்த முறை முன்கூட்டியே முக்கிக் காட்டாமல் டேங்க் மொத்தமும் காலியான பிறகுதான் வண்டி நிற்கும்.